கோழி அடையும் நேரம்: தானியங்கிக் கதவு எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும்

"கோழி அடையிற நேரத்துக்கு வந்து சேர்ந்தான்" என்று தென்மாவட்டங்களில் சொல்வார்கள். ஆறரை மணி என்பதைவிட இது பல சமயம் துல்லியமானது. கார்த்திகையில் அந்த நேரம் ஆறு மணிக்கே வந்துவிடும், ஆடியில் ஏழை நெருங்கும். கோழிக்கு வெளிச்சம்தான் கடிகாரம். நிறத்தைப் பிரித்தறியும் கூம்பு செல்கள் நம் கண்ணில் மூன்று வகை, கோழியின் கண்ணில் நான்கு வகை. மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் குருணையையும் கரையானையும் பகலில் அது பொறுக்கி எடுக்கிற லாவகத்துக்கு அந்தக் கண்தான் காரணம். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் உதவ வேண்டிய குச்சி செல்கள் அதற்குப் போதாது. பொழுது சாய்ந்தால் ஏறத்தாழக் குருடுதான். ராத்திரியில் கையை நீட்டித் தூக்கினால் ஒரு கொக்கரிப்போடு சரி, ஓடாது. கோழி பிடிக்கிற வியாபாரிக்கு இது தெரியும், மரநாய்க்கும் தெரியும்.

கண் தெரியாத பன்னிரண்டு மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்பதற்குக் காட்டுக்கோழி கண்டுபிடித்த வழி, மரத்தில் ஏறிவிடுவது. வீட்டுக்கோழியும் அதை மறக்கவில்லை. விட்டுவைத்தால் முருங்கையிலோ வேம்பிலோ கிளை பிடித்து உட்கார்ந்துவிடும். நாம் கூடு கட்டி அந்தக் கிளையைத் தரைக்கு இறக்கினோம். முட்டையும் எருவும் ஓரிடத்தில் கிடைத்தன, மழையில் நனையாமல் இருந்தது, எல்லாம் நல்லதுதான். ஆனால் மரத்துக்குக் கதவு கிடையாது, கூட்டுக்குக் கதவு உண்டு. கதவு என்று வந்தால் தினமும் அதைச் சாத்த ஓர் ஆள் வேண்டும். ஆள் என்று வந்தால் மறதியும் கூடவே வரும். கல்யாணத்துக்குப் போயிருப்பார், பஸ் தாமதமாகும், உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பார். அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் எதிரி வரும். பொழுது சாய்ந்தால் தானே இறங்கி, விடிந்தால் தானே ஏறும் தானியங்கிக் கதவு பிறந்தது இந்த மறதிக்குத்தான்.

அந்திப் பொழுதின் ஆபத்து நேற்று முளைத்ததல்ல. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் இதை ஓர் உவமையில் வைத்திருக்கிறார். மாலையில் வேலியோரம் வெருகு, அதாவது காட்டுப்பூனை, வந்துவிடுகிறது. எங்கே புகுவது என்று தெரியாமல் குஞ்சுகள் ஒன்றாகத் திரண்டு நிற்கின்றன. குட்டைக்கால் பேடை அவற்றைக் கூவிக் கூவி அழைக்கிறது. ஊரார் பேசும் அலரின் இரைச்சலுக்கு அந்தக் கூச்சல் உவமை. வேலி, அந்தி, வெருகு, புகுமிடம் தெரியாத குஞ்சு என்று நம் கட்டுரைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கின்றன. அடைக்கிற ஆள் மட்டும் இல்லை.

நரி ஊரில் பிறந்த கதவு

இன்று இணையத்தில் விற்கும் தானியங்கிக் கதவுகளின் வடிவமைப்பைப் பார்த்தாலே அவை எந்த ஊர்ச் சிக்கலுக்காகச் செய்யப்பட்டவை என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கோழி வளர்ப்பது பலருக்கும் பிடித்தமான காரியம். 2004-இல் பிளாஸ்டிக்கில் 'எக்ளு' என்ற கோழிக்கூட்டை விற்கத் தொடங்கிய ஒரு நிறுவனம் இப்போது தானியங்கிக் கதவும் விற்கிறது. அதன் பெயர் ஆம்லெட். கோழிக்கு வீடு கட்டித் தருகிறவர்கள் இப்படிப் பெயர் வைத்தது கோழிக்குத் தெரிந்தால் என்ன நினைக்குமோ.

அங்கே கதவைத் தேவையாக்கியவர்கள் இருவர். ஒருவர் செந்நரி. கிராமத்தில் மட்டுமல்ல, லண்டன் தெருக்களிலும் அது இரவில் சாதாரணமாக நடமாடுகிறது. நரி கூட்டுக்குள் புகுந்தால் ஒரு கோழியோடு நிறுத்துவதில்லை. பசிக்கு ஒன்று போதும் என்றாலும் இருக்கிற அத்தனையையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1972-இல் இந்த 'மிகைக் கொலை' பற்றி எழுதினார். இங்கிலாந்தின் கடற்கரையில், கும்மிருட்டான இரவுகளில், தரையில் கூடு கட்டும் கடற்காகங்களை நரிகள் தேவைக்கு மேல் கொன்று குவித்ததை அவர் பதிவு செய்தார். காட்டில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும், வேட்டை அதோடு முடியும். இரை தப்பி ஓடாமல் கண்முன்னே படபடத்துக்கொண்டே இருந்தால், கொல்லும் தூண்டுதலும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். வயிறு நிறைந்தாலும் அது அடங்காது. பூட்டிய அறைக்குள் கண் தெரியாத பத்துக் கோழிகள் படபடப்பது அப்படி ஒரு நிலைதான். 'வெறி பிடித்துக் கொன்றது' என்று நரியைத் திட்டுகிறோம். கொல்லும் அறையைக் கட்டியது நாம்.

இன்னொருவர் சூரியன். லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் சூரியன் இரவு 9.20-க்கு மறையும், டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். அலுவலகம் போகிறவர் குளிர்காலத்தில் வீடு திரும்பும் முன்பே இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கோடையில் கோழி விழித்துக்கொள்ளும் காலை 4.45-க்கு எழுந்து போய்க் கதவைத் திறக்க யாருக்கும் மனம் வராது. கடிகாரம் பார்த்துச் சாத்துவது அங்கே எடுபடாது, நேரத்தை வாரா வாரம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் அந்த ஊர்க் கதவுகளில் ஒளி உணரி வந்தது. அதற்கும் பின்னால், அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்தால் அஸ்தமன நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் வசதியும் வந்தது.

உள்ளே இருக்கும் பொறி பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு சிறிய டிசி மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள், கதவை மேலே இழுக்க ஒரு நூல் அல்லது திருகுத் தண்டு. கதவு உச்சியையோ அடியையோ தொட்டதும் மின்சாரத்தை நிறுத்த எல்லைச் சுவிட்ச். கோழி நடுவில் நின்றால் மோட்டார் திணறும், திணறினால் அதிக மின்சாரம் இழுக்கும், அதைக் கவனித்து நின்றுவிட ஒரு சின்னச் சுற்று. நூலில் தொங்கும் கதவு தன் எடையில்தான் கீழே நிற்கிறது, மூக்கை விட்டு நெம்பினால் தூக்கிவிடலாம். திருகுத் தண்டில் ஓடும் கதவை அப்படித் தூக்க முடியாது. தண்டு சுற்றினால்தான் அது நகரும். வாங்குகிறவர்கள் வைஃபை இருக்கிறதா, செயலி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, மூடிய கதவைக் கையால் தூக்க முடிகிறதா என்பதைத்தான்.

நம் ஊர்ச் சூரியன் அவ்வளவு அலைவதில்லை

சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். நவம்பர் கடைசியில் மாலை 5.40 வாக்கில் அஸ்தமனம், ஜூலையில் 6.40 வாக்கில். அவ்வளவுதான். தெற்கே கன்னியாகுமரி போகப் போக இந்த வித்தியாசம் இன்னும் சுருங்கும். சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இங்கே நன்றாக இருட்டிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் மாலை 7 மணிக்கு மூடு, காலை 6.45-க்குத் திற என்று ஒரே தடவை சொல்லிவைத்தாலே தமிழ்நாட்டில் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஒளி உணரிக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

காசு வீண் என்பதோடு போனால் பரவாயில்லை, ஒளி உணரி இங்கே கெடுதலும் செய்யும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். சூரியன் மறையும்போது சில நூறு. நன்றாக இருட்டத் தொடங்கும்போது மூன்று, நான்கு லக்ஸ். தெருவிளக்கின் கீழ் பத்து லக்ஸ் சர்வசாதாரணம். கூட்டுக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து எல்இடி விளக்கு எரிந்தால், இருட்டிய பிறகும் கதவு பகல் என்றே நினைத்துத் திறந்து கிடக்கும்.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. முதலில் நான் வாங்கிய கதவில் ஒளி உணரி இருந்தது, கூடு ஒரு வேப்பமரத்து நிழலில் இருந்தது. ஐப்பசியில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கே கருமேகம் திரண்டு இருட்டிக்கொண்டு வந்தது. கதவு சமர்த்தாக இறங்கிவிட்டது. மழைக்கு ஒதுங்கித் திண்ணையடியில் நின்ற கோழிகள் வந்து பார்த்தபோது வாசல் இல்லை. கூட்டத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே. நான் வெளியூரில் இருந்தேன். மறுநாள் வந்து பார்த்தபோது சாத்திய கதவுக்கு முன்னால் நாலு கோழி நனைந்து ஒண்டியிருந்தது. இரண்டைக் காணோம், வேலியோரம் இறகு. கருவியின் மீது குற்றம் இல்லை. இருட்டினால் மூடு என்றார்கள், மூடியது.

யார் வருவது, எப்போது வருவது

கதவு வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இங்கிலாந்தில் இதற்குப் பதில் எளிது: நரி, பெரும்பாலும் இருட்டில், வாசல் வழியாக. இங்கே பட்டியல் நீளம். அதில் பாதிப் பேர் பகலில்தான் வேலை பார்க்கிறார்கள்.

கீரி பகல் விலங்கு. காலை பத்து மணிக்கு, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே, வேலிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு குஞ்சோடு மறையும். புறா அளவே இருக்கும் வைரி, வட்டமடித்து இறங்கும் பருந்து, கூரையில் காத்திருக்கும் காக்கை எல்லாமே பகல்காரர்கள். உடும்பும் வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பும். குஞ்சு பொரித்த முதல் ஒன்றரை மாதத்தில் ஏற்படும் இழப்பில் பெரும் பங்கு இவர்களுடையது. மாலை ஏழு மணிக்குச் சாத்தும் கதவு இவர்களில் ஒருவரையும் தொடாது. இதற்கு நம்மிடம் பழைய விடை இருக்கிறது: பஞ்சாரம். மூங்கிலில் பின்னிய அந்தக் கவிழ்ந்த கூடைக்குள் குஞ்சும் தாயும், பக்கத்தில் தண்ணீர். சில ஊர்களில் குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் பூசிவிடுவார்கள், பருந்து ஏமாறும் என்பது நம்பிக்கை. எவ்வளவு ஏமாறுகிறது என்பது பருந்துக்கே வெளிச்சம். மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுவது உறுதியான வழி. ஒன்று மட்டும், அந்த நைலான் வலை தரையில் புரளக் கூடாது. பாம்பு சிக்கிக்கொண்டால் அதை எடுப்பது உங்கள் தலையில் விழும்.

நாய்க்கு நேரம் காலம் கிடையாது. வெருகையும் நரியையும் பற்றி எவ்வளவு எழுதினாலும், ஊருக்குள் கோழி வளர்ப்பவரிடம் கேட்டால் முதலில் சொல்வது தெருநாயைத்தான். சில சமயம் பக்கத்து வீட்டு நாயை, மெதுவான குரலில்.

இரவு ஆட்கள் என்றால் மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, காட்டோரங்களில் நரி, பெருச்சாளி, பாம்பு. மரத்தில் அடையும் கோழிக்குப் பெரிய கொம்பன் ஆந்தையும் எதிரி. இவர்களில் நாய், நரி, காட்டுப்பூனை மூன்றுக்கும் கதவு நல்ல மருந்து. மரநாய் கூரை ஏறி, ஓடு விலகிய இடுக்கில் இறங்கும். பெருச்சாளி அடியில் தோண்டி வரும். பாம்புக்குக் கதவின் பக்கவாட்டு இடைவெளியே ராஜபாட்டை. ரெண்டு கால் நரி என்று ஒன்று உண்டு, கொடை விழாவுக்கும் தீபாவளிக்கும் முன்னால் நடமாட்டம் அதிகம். அதற்குக் கதவு போதாது, பூட்டு வேண்டும்.

வந்தது யார் என்பதைக் காலையில் படிக்கலாம். கோழியே இல்லை, வேலி வரை இறகு சிதறியிருக்கிறது என்றால் தூக்கிக்கொண்டு போகும் வலு உள்ள ஒன்று: காட்டுப்பூனையோ நரியோ. பல கோழி செத்துக் கிடக்கிறது, உடல் கிழிந்திருக்கிறது, தின்றது குறைவு என்றால் பெரும்பாலும் நாய். கழுத்திலோ தலையிலோ மட்டும் கடி, ரத்தம், உடல் முழுசாக இருந்தால் கீரி அல்லது மரநாய் பக்கம் சந்தேகம் போக வேண்டும். முட்டை ஓடு உடைந்து கிடந்தால் எலி, காக்கை, கீரி. ஓடே இல்லாமல் முட்டை மாயமானால் பாம்பு அல்லது உடும்பு. குஞ்சு ஒன்று செத்து, தலைப்பக்கம் எச்சில் ஈரத்தோடு கிடந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது என்று பொருள். முட்டையை விழுங்கி வயிறு பருத்த பாம்பு, வந்த ஓட்டை வழியே திரும்ப முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதும் உண்டு. அதனால் காலையில் முட்டை எடுக்கக் கையை விடுவதற்கு முன் டார்ச்சை விடுங்கள்.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கீரி, மரநாய், உடும்பு, மலைப்பாம்பு, நாகம், சாரை எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் இருப்பவை. கோழியைத் தின்றது என்பதற்காகக் கொல்ல முடியாது. கறியில் விஷம் கலந்து வைப்பது பக்கத்து வீட்டு நாயில் தொடங்கிப் பருந்து வரை போகும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக் கம்பியில் கொடுப்பது ஆளையே கொல்லும், நம் ஊரில் அப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

கதவைவிடச் சுவர் முக்கியம்

கடையில் போய்க் 'கோழி வலை' என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய முறுக்குக் கம்பி வலையைத் தருவார்கள். இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பர்னார்டு என்பவர் 1844-இல் துணி நெய்யும் தறியைப் பார்த்து, கம்பி வலை பின்ன ஒரு பொறி செய்தார். அந்த வம்சாவளியில் வந்தது இது. பெயரிலேயே கோழி இருப்பதால் கோழிக்குப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் லாயக்கு. நாய் பல்லால் இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும், ஓர் அங்குலக் கண் வழியே சாரைக்குட்டி, எலி எல்லாம் போய் வரும்.

வேண்டியது வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை, அரை அங்குலக் கண், தொட்டால் விறைப்பாக இருக்கும் தடிமன். கூடு முழுவதற்கும் வாங்கப் பணம் இடித்தால் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும், காற்றுத் துளைகளுக்கும் மட்டுமாவது அது இருக்கட்டும். மெஷ்ஷைச் சட்டத்தில் சின்ன ஆணி அடித்து மடக்கிவிட்டால் போதாது. மேலே ஒரு மரப்பட்டை வைத்துத் திருகாணி முடுக்கினால்தான் நெம்ப முடியாது. தோண்டி வருபவர்களுக்குத் தரையைச் சிமெண்டு பூசுவது ஒரு வழி. அதற்கு வசதியில்லாவிட்டால் மெஷ்ஷைச் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கித் தரையில் விரித்து, மேலே மண் தள்ளிவிடலாம். விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். அந்த இடத்தில் காலுக்கு அடியில் கம்பி தட்டினால் இரண்டடி பின்னால் வந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது.

பாம்புக்கு மருந்து என்று பூண்டு, பெருங்காயம், ரசகற்பூரம், கந்தகம் என ஆளுக்கொன்று சொல்வார்கள். நானும் சிலவற்றைத் தூவிப் பார்த்திருக்கிறேன், செலவானது. பாம்பு பெரும்பாலும் முதலில் வருவது எலியைத் தேடி, எலி வருவது இரவில் கூட்டில் கிடக்கும் தீவனத்தைத் தேடி. மாலையில் தீவனத் தட்டை எடுத்து மூடிபோட்ட டப்பாவில் வைத்துவிட்டால் இரண்டு வருகையும் குறையும். இதற்கு மோட்டார் வேண்டாம்.

பேட்டரியும் பல்லியும்

சரி, சுவர் சரியாகிவிட்டது, வருவது நாயும் காட்டுப்பூனையும்தான், மாலையில் வீட்டில் ஆள் இருப்பது நிச்சயமில்லை என்றால் கதவு வாங்கலாம், அல்லது நீங்களே செய்யலாம். 12 வோல்ட் ஆக்சுவேட்டர் (தண்டை நீட்டி மடக்கும் மோட்டார்) ஒன்று, டைமர் ஒன்று, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று போதும் என்று காணொளிகள் சொல்லும். அவை சொல்லாமல் விடும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது மின்தடை. சுவரில் செருகும் வட்டமுக டைமரில் தனியாகப் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அது அப்படியே நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தி இரண்டு மணிக்குக் கொடுத்தால், அன்றைக்கு ஏழு மணிக்குச் சாத்த வேண்டிய கதவு நள்ளிரவு பன்னிரண்டுக்குச் சாத்தும். நீங்கள் போய்த் திருத்தும் வரை தினமும் அப்படியே. நாணய அளவுப் பேட்டரியில் தன் நேரத்தைத் தனியாகக் காத்துக்கொள்ளும் கடிகாரச் சில்லு உள்ள டைமர்தான் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம் இல்லாதபோது கதவு எந்த நிலையில் இருக்கும் என்பது. ரிலேயில் கம்பியை எப்படி இணைத்தோமோ அதைப் பொறுத்தது. ரிலே அணைந்தால் மூடு என்று இணைத்து, ஆக்சுவேட்டரைப் பேட்டரியிலும் டைமரை வீட்டு இணைப்பிலும் வைத்தால், சித்திரை வெயிலில் மதியம் கரண்ட் போனதும் கதவு இறங்கிவிடும். தகரக் கூரைக்குள் முட்டையிடப் போன கோழி வெந்துபோகும். மாற்றி இணைத்தால் நள்ளிரவில் கரண்ட் போனதும் கதவு திறக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, கரண்ட் போனால் இருந்த நிலையிலேயே நிற்கும்படி முழுவதையும் ஒரே பேட்டரியில் ஓட்டுவது நல்லது. மருந்தடிக்கும் பேட்டரித் தெளிப்பானில் வரும் 12 வோல்ட் பேட்டரியே இதற்குத் தாராளம்.

அந்தப் பேட்டரி எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். மோட்டார் 2 ஆம்பியர் இழுக்கிறது, ஏற 20 வினாடி, இறங்க 20 வினாடி. ஒரு நாளைக்கு 0.022 ஆம்பியர்-மணிதான். எப்போதும் விழித்திருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை வெறும் 20 மில்லியாம்பியர் எடுத்தாலும் 24 மணி நேரத்தில் 0.48 ஆம்பியர்-மணி ஆகிவிடும். அதாவது கதவைத் தூக்குகிற வேலையைவிட, சும்மா காத்திருப்பதற்கு இருபது மடங்குக்கும் மேல் செலவு. 7 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டு வாரத்தில் படுத்துவிடும். நீலமாக மின்னும் அலங்கார விளக்கும் வைஃபையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். 5 வாட் சூரியத் தகடு ஒன்று இதை ஈடுகட்டிவிடும், நிழல் விழாமல் இருந்தால்.

அப்புறம் நம் ஊர் உயிரினங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் கம்பி போகிற துளையை அடைக்காவிட்டால் ஒரு மாதத்தில் எறும்பு குடியேறும், அதைத் தின்னப் பல்லி வரும். பல்லி இரண்டு இணைப்பில் ஒரே நேரத்தில் கால் வைத்தால் அதுவும் போகும், பலகையும் போகும். மரக் கதவு மழையில் ஊதித் தடத்தில் இறுகிக்கொள்ளும், அலுமினியத் தகடு அப்படிச் செய்யாது. கீழ்த் தடத்தில் எச்சமும் வைக்கோலும் சேர்ந்தால் கதவு முழுதாக இறங்காமல் இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிடும். ஏதோ தடுக்கிறது என்று எண்ணி நின்றுவிடுவதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்த இரண்டு அங்குலம் மரநாய்க்குட்டிக்குப் போதும். கீழே தடமே வைக்காமல் கதவை ஒரு சின்னப் படிக்கு முன்பாக இறங்கும்படி அமைத்தால் குப்பை தங்காது. பெருவிடை என்னும் உயரமான நாட்டுச் சேவல் வளர்ப்பவர்கள் வாசலின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்துக் கோழிக்கு அடித்த பன்னிரண்டு அங்குல வாசலில் நம் சேவல் குனிந்துதான் போக வேண்டியிருக்கும். சில சேவல்கள் குனிய மறுத்து வெளியிலேயே நின்றுவிடும்.

எண்ணி அடைப்பது

இவ்வளவுக்குப் பிறகும் கதவு செய்யாத ஒன்று மிச்சம் இருக்கிறது. என் அப்பத்தா கோழி அடைக்கிற விதம் நினைவிருக்கிறது. கொடாப்பின், அதாவது கோழிக்கூட்டின், பலகையைச் சாத்துவது அதில் கடைசி அரை நிமிடம். அதற்கு முன் கால் மணி நேரம் "பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்ப்பார். எண்ணிக்கை குறைந்தால் விளக்கை எடுத்துக்கொண்டு வைக்கோல் போர்ப் பக்கம் போவார். ஒன்று தீனி எடுக்காமல் கூம்பி நின்றால் அன்றே பிரித்துப் பஞ்சாரத்தில் போடுவார். வெள்ளைக்கழிச்சல் நோய் ஊருக்குள் வந்துவிட்டது என்பது எங்கள் வீட்டில் முதலில் தெரிவது அந்த நேரத்தில்தான். யாராவது பையனை ஏவிவிட்டாலும் திரும்பி வந்ததும் "அடைச்சியாடா?" என்று கேட்க மாட்டார். "எத்தனை இருந்துச்சு?" என்றுதான் கேட்பார்.

தானியங்கிக் கதவு அந்தக் கடைசி அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மூடும்போது எல்லாம் உள்ளே வந்ததா என்று அதற்குத் தெரியாது. பகலிலேயே உள்ளே புகுந்து முட்டைப் பெட்டிக்கு அடியில் சுருண்டிருப்பது யார் என்றும் தெரியாது. எதிரியைக் கோழிகளோடு சேர்த்துப் பூட்டிவைப்பதும் அதன் கணக்கில் வெற்றிகரமான மூடல்தான். கைப்பேசிக்குக் 'கதவு மூடப்பட்டது' என்று செய்தியும் அனுப்பும். கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள கோழிகள் முதலில் ஏறி நல்ல இடத்தைப் பிடிக்கும், கொத்து வாங்கும் இளங்கோழிகள் கடைசி வரை வாசலில் தயங்கும். நேரத்தை இறுக்கமாக வைத்தால் வெளியே மாட்டிக்கொள்வது எப்போதும் அந்த இளசுகள்தான். கடைசிக் கோழி ஏறிய பிறகு இன்னும் பதினைந்து நிமிடம் விட்டு நேரம் வையுங்கள். புதிதாகக் கதவு பொருத்தியவர்கள் முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நின்று பார்ப்பது அவசியம். மோட்டார் சத்தத்துக்கு மிரண்டு சில கோழிகள் மரத்துக்கே திரும்பிவிடும்.

எங்கள் கூட்டின் கதவு இப்போது ஏழு மணிக்கு இறங்குகிறது, ஒளி உணரியைக் கழற்றியாயிற்று. வீட்டில் இருக்கும் நாட்களில் 6.50-க்கு டார்ச்சோடு போய் எண்ணுகிறேன். பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தால் கவலைப்படுவதற்கு முன் முருங்கையை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு விடைக்கோழி இன்னமும் அங்கேதான் அடைகிறது.